ஞானம்மாக்கா சொன்ன முடிவுகள்

மதுரவல்லியின் நாவல்களில் யாருக்கும் சம்பளம் தள்ளிப் போகாது. சமைத்துக்கொண்டிருக்கும்போது கேஸ் தீராது. மே மாதத்தில் ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே யாரும் புழுங்கிச் சாக மாட்டார்கள். கதாநாயகிக்குக் காய்ச்சல் வந்தால் நெற்றி மட்டும் அழகாகச் சுடும். மூக்கு ஒழுகவே ஒழுகாது. இதெல்லாம் தெரிந்துதான் கல்லூரிக் காலத்திலிருந்து அந்த அம்மாளை மாதம் தவறாமல் படித்து வருகிறேன். என்னைப் போல அவருக்கு ஒரு விசிறி கிடையாது. என்னைப் போல அவரைத் திட்டுகிறவளும் கிடையாது.

இப்போது மாத நாவலே பாதி செத்துவிட்டது. ரயிலில் எல்லோரும் போனில் ரீல்ஸ் பார்த்துத் தானாகச் சிரித்துக்கொள்கிறார்கள். மதுரவல்லி மட்டும் விடாமல் எழுதுகிறார். அட்டைப்படத்தைக் கம்ப்யூட்டரிடம் விட்டுவிட்டார்கள் போலிருக்கிறது, போன மாத நாயகிக்கு வலது கையில் ஆறு விரல். கதைக்குள்ளே போனால் அதே பழைய பங்களா, அதே மாடிப்படி, அதே மாமியார். இருந்தாலும் முதல் பக்கத்தில் ஒருத்தி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றால் போதும், இவளுக்கு என்ன ஆகப்போகிறதோ என்று பக்கத்தைப் புரட்ட ஆரம்பித்துவிடுவேன்.

என் பெயர் கார்த்திகா. அம்பத்தூர் எஸ்டேட்டில் போல்ட்டு நட்டு செய்கிற கம்பெனியில் பில் போடுகிறேன். கல்யாணமாகிப் போனது பட்டாபிராமுக்கு. காலை ரயிலில் லேடீஸ் பெட்டியில் ஏறினால் அம்பத்தூர் வரை எனக்கு உலகம் கிடையாது. அந்தப் பெட்டியில்தான் ஞானம்மாக்காவும் சபீனாவும் பழக்கமானார்கள். ஞானம்மாக்காவுக்கு ஐம்பது வயதிருக்கும், சென்ட்ரல் பக்கத்தில் ஓர் ஆபீஸில் டீ போட்டுக் கொடுத்து, கூட்டிப் பெருக்குகிறவர். சபீனா வில்லிவாக்கத்தில் ஒரு ஜவுளிக்கடையில் வேலை செய்கிறாள். மூன்று பேருக்கும் மதுரவல்லி என்றால் உயிர். மூன்று பேருக்கும் ஆளுக்கொரு புத்தகம் வாங்க மனசு வராது.

அதனால் ஓர் ஏற்பாடு செய்துகொண்டோம். ஞானம்மாக்கா சென்ட்ரலில் புத்தகத்தை வாங்கி, சாயங்காலம் திரும்புகிற ரயிலிலேயே முழுசாகப் படித்துவிடுவார். மறுநாள் காலை அதை மூன்றாகக் கிழித்துவிடுவார். பைண்டிங் வெறும் கோந்துதான், ஓர் இழுப்பில் வந்துவிடும். முதல் பாகம் எனக்கு, நடுப்பாகம் சபீனாவுக்கு. மறுநாள் மாற்றிக்கொள்வோம். சபீனா நடுவிலிருந்து ஆரம்பித்து முன்னால் போவாள். யார் யாருக்குப் பெண்டாட்டி என்று புரியாமல் படிப்பதில்தான் ருசியே என்பாள்.

கடைசிப் பாகம் எங்கள் கைக்கு வந்ததே இல்லை. ஞானம்மாக்காவின் பக்கத்து வீட்டில் தாயம்மாள் என்று ஒருத்தி இருக்கிறாளாம், அவளும் புத்தகத்துக்குக் காசு போடுகிறாளாம், அவளுக்குக் கதையின் ஆரம்பமெல்லாம் சலிப்பாம், முடிவு மட்டும் இருந்தால் போதுமாம். இப்படியும் ஒருத்தி இருப்பாளா என்று நாங்கள் கேட்கவில்லை. அந்தப் பெட்டியில் அதைவிட விசித்திரமான பெண்களை நாங்கள் தினம் பார்க்கிறோம். முடிவை ஞானம்மாக்காவே வாயால் சொல்லிவிடுவார். சொல்லும்போது மதுரவல்லி தோற்றுப்போவார், அப்படிச் சொல்வார்.

போன தீபாவளிக்கு முன்னால் அப்படித்தான் நிரஞ்சனா என்ற நாயகியின் கதை முடிந்தது. வேலைக்குப் போகிறவள், வாங்கும் சம்பளம் அப்படியே மாமியார் கையில், புருஷன் வாயே திறக்காத மகாராஜா. எனக்கு அந்தக் கதையைப் படிக்கப் படிக்க உடம்பெல்லாம் எரிந்தது. காரணம் என் ஏடிஎம் கார்டும் என் மாமியாரின் பீரோவில்தான் இருந்தது. என் புருஷன் கோகுல்நாத் கை நீட்டுகிறவர் இல்லை, குடிக்கிறவர் இல்லை, குரலை உயர்த்தியதுகூட இல்லை. எதைக் கேட்டாலும் "அம்மாகிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கோ" என்று சொல்லிவிட்டு போனைப் பார்க்கப் போய்விடுவார். ஒரு செருப்பு அறுந்து போனதற்கு மாமியாரிடம் விண்ணப்பம் போட்டவள் நான்.

அடுத்த நாள் காலை ரயிலில் ஏறியதும் ஞானம்மாக்காவைப் பிடித்துக்கொண்டு நிரஞ்சனாவுக்கு என்ன ஆச்சு என்று கேட்டேன். அவர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சொன்னார்.

"அடுப்புல பால் பொங்கி வயிஞ்சிகினு கீது. மாமியாகாரி கத்துறா. புருசங்காரன் பேப்பர் படிச்சிகினு கீறான். இவ திரும்பிக்கூட பாக்கல. செருப்ப மாட்டிகினா, போய்கினே இருந்தா. அவ்ளோதான்."

"அப்புறம்?"

"அப்புறம் இன்னா அப்புறம். பால் ஊத்திகினு கீது."

அந்த வாரமே எனக்குக் காய்ச்சல். மூக்கு ஒழுகிக்கொண்டு அடுப்படியில் நின்றேன். மாமியார் கூடத்திலிருந்து டீ எங்கே என்றார். கோகுல் போனிலிருந்து தலையைத் தூக்காமல் எனக்கும் ஒன்று என்றார். பால் பொங்க ஆரம்பித்தது. நான் நிரஞ்சனா மாதிரி அதை அப்படியே விட்டுவிட்டுப் போயிருக்க வேண்டும், ஆனால் சிலிண்டர் புக் செய்து இன்னும் வந்திருக்கவில்லை, மனசு கேட்கவில்லை. அடுப்பை அணைத்து, பாலை மூடி வைத்துவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு வந்துவிட்டேன். மதுரவல்லியின் நாயகிகளில் கேஸை மிச்சம் பிடித்துவிட்டுப் புரட்சி செய்தவள் நான் ஒருத்திதான் என்று அப்போது பெருமையாகக்கூட இருந்தது.

அண்ணனூரில் ஒரு மாடி அறை வாடகைக்குக் கிடைத்தது. கார்டு மாமியாரின் பீரோவிலேயே இருந்ததால், சம்பளத்தைக் கம்பெனியில் கெஞ்சி ரொக்கமாகக் கையில் வாங்கிக்கொண்டேன். ஒரே அறை, அதற்குள்ளேயே அடுப்பு, மேலே ஆஸ்பெஸ்டாஸ். வெயில் காலத்தில் பகல் முழுக்க வெந்து, சாயங்காலம் வந்து கதவைத் திறந்தால் அனல் வெளியே வந்து என்னை விசாரிக்கும். கீழ்வீட்டில் இருக்கும் ஓனர் சுலோசனா அம்மா நல்லவர், ஆனால் வாரம் ஒருமுறை புருஷன் எப்போ வருவார் என்று கேட்காமல் இருக்க முடியாது அவருக்கு. வீட்டை விட்டு வந்ததில் எனக்குப் பெரிய நஷ்டம் ரயில்தான். பட்டாபிராமிலிருந்து வரும்போது ஒரு பாகத்தை முடித்துவிடலாம். அண்ணனூரில் ஏறினால் நாயகி அழ ஆரம்பிப்பதற்குள் அம்பத்தூர் வந்துவிடுகிறது.

மே மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை கோகுல் போன் செய்தார். ஞாயிற்றுக்கிழமை தன் தாய்மாமன் பச்சையப்பனோடு வருவதாகவும், வந்து என்னைக் கூட்டிக்கொண்டு போவதாகவும் சொன்னார். குரல் தணிந்திருந்தது. அதே வாரம் சுலோசனா அம்மாவும், சொந்தக்காரப் பையனுக்கு அறை தேவைப்படுகிறது, நீ உன் வீட்டுக்குப் போகிற மாதிரி இருந்தால் சொல்லிவிடு என்றார். எனக்கு ஓடவும் முடியவில்லை, ஒளியவும் முடியவில்லை. போவதா, இருப்பதா? கேட்க ஆள் இல்லை. அம்மா அப்பா செய்யாறில், அவர்களைப் பொறுத்தவரை நான் இன்னும் பட்டாபிராமில் சண்டை போட்டுக்கொண்டு சந்தோஷமாக இருக்கிறேன்.

வெறுத்துப்போய், நிரஞ்சனா அதற்கப்புறம் எப்படிப் பிழைத்தாள் என்று ஒருமுறை நானே படித்துப் பார்க்கலாமென்று தோன்றியது. போனாளே, எங்கே போனாள், என்ன வாடகை கொடுத்தாள், யார் வந்து கூப்பிட்டார்கள்? வெள்ளிக்கிழமை எஸ்டேட்டில் மின்சாரப் பராமரிப்பு, கம்பெனிக்கு லீவு. ஆவடி மார்க்கெட்டில் ஒரு பழைய புத்தகக் கடையில் மதுரவல்லியின் நாவல்களைக் கட்டுக்கட்டாகப் போட்டிருந்தார்கள். கிழிக்காத, முழுப் புத்தகங்கள். நிரஞ்சனாவையும் நாங்கள் ஏற்கெனவே மூன்றாகப் படித்த வேறு நாலைந்தையும் பொறுக்கிக்கொண்டு வந்தேன்.

மத்தியானத்துக்குள் படித்து முடித்துவிட்டேன். நிரஞ்சனா செருப்பை மாட்டியது உண்மைதான். தெருமுனை வரைக்கும் போகிறாள். அங்கே மழை பிடித்துக்கொள்கிறது. அடுத்த பக்கத்தில் நனைந்துகொண்டே திரும்பி ஓடி வந்து, புருஷன் காலைக் கட்டிக்கொண்டு, என்னை மன்னிப்பீர்களா என்று கதறுகிறாள். மாமியார் தன் இடுப்பிலிருந்த சாவிக்கொத்தை எடுத்து மருமகள் இடுப்பில் செருகுகிறார். முற்றும். மற்ற புத்தகங்களின் கடைசி அத்தியாயங்களைப் புரட்டினேன். மருத்துவர் மாலதி, ஞானம்மாக்கா கதையில் வெளிநாட்டுக்குப் படிக்கப் போனவள், புத்தகத்தில் பாத பூஜை செய்கிறாள். மாமனாரைக் கோர்ட்டுக்கு இழுத்த பைரவி, புத்தகத்தில் அதே மாமனாருக்குக் கஞ்சி ஆற்றிக் கொடுக்கிறாள். எவள் காலில் விழுந்தாலும் உடனே மழை வேறு. வற்றிக்கிடக்கும் புழல் ஏரியை நிரப்ப இந்த அம்மாளைத்தான் வேலைக்கு வைக்க வேண்டும்.

சிரிப்பு வந்தது, அப்புறம் சிரிப்பு நின்றுவிட்டது. நான் ஒரு குடும்பத்தை விட்டு வந்து இந்த அடுப்புக்குள் உட்கார்ந்திருப்பது யார் எழுதிய கதையை நம்பி? மதுரவல்லியா எழுதினார்? ஆபீஸில் டீ போடுகிற ஒருத்தி, வாய்க்கு வந்ததைச் சொல்லியிருக்கிறாள். தாயம்மாள் என்று ஒருத்தியே கிடையாது.

சனிக்கிழமை காலை ரயிலில் ஏறி, நிரஞ்சனாவின் கடைசிப் பக்கத்தைக் கிழித்து ஞானம்மாக்காவின் மடியில் போட்டேன். அவர் பார்த்தார். சபீனாவும் எட்டிப் பார்த்துப் படித்துவிட்டு, இன்னாக்கா இவ திரும்பி வந்துட்டா என்று முனகினாள். அம்பத்தூர் வந்தது. நான் எழுந்திருக்கவில்லை.

"உன் டேசன் வந்துட்ச்சு, எறங்கு" என்றார் ஞானம்மாக்கா, முகத்தைப் பார்க்காமல்.

வண்டி கிளம்பியது. இத்தனை வருடத்தில் அம்பத்தூரைத் தாண்டி அந்த வண்டியில் நான் போனது அன்றுதான். ஏன் பொய் சொன்னீர்கள் என்று கேட்டேன்.

"பின்ன இன்னா பண்ணச் சொல்ற? மாசாமாசம் கால்ல வியுறா. அந்தம்மா எய்துறது அப்டி. படிச்சா பத்திகினு எரியுது. காலைல நீ வந்து இன்னா ஆச்சு இன்னா ஆச்சுனு உசுர வெச்சிகினு கேப்ப. உன் மூஞ்சப் பாத்துட்டு, கால்ல வியுந்துட்டானு சொல்ல எனக்கு வாய் வர்ல. அதான் மாத்திட்டேன். கடைசி பாகத்த ஆபீஸ்ல சோறு துன்னும்போது கீய போட்டுக்குவேன்."

"அதைக் கேட்டுட்டுத்தான்க்கா நான் வீட்டை விட்டு வந்தேன்."

ஞானம்மாக்காவின் முகம் வெளுத்துவிட்டது. நான் மாமியாரோடு சண்டை போட்டு வந்திருப்பேன் என்றுதான் அவர் இத்தனை நாள் நினைத்திருக்கிறார். பட்டரவாக்கம் தாண்டியதும் என் கையைப் பிடித்துக்கொண்டு, நாளைக்கு அவர் கூப்பிட்டால் பேசாமல் போய்விடு என்று கெஞ்ச ஆரம்பித்தார். வேண்டுமானால் தன் புருஷன் பாபுவோடு பட்டாபிராமுக்கு வந்து, தப்பெல்லாம் தன்னுடையது என்று மாமியாரிடம் சொல்வதாகச் சொன்னார். பாபு எப்படிப்பட்டவர் என்று எரிச்சலோடு கேட்டேன். தங்கமான மனுஷன், காலையில் காபி போட்டுக் கொடுத்து எழுப்புவார், சண்டையே வந்ததில்லை என்றார்.

"அப்புறம் எதுக்குக்கா எல்லாரையும் வீட்டை விட்டு அனுப்பினீங்க?"

"நான் நல்லாத்தான கீறேன், அந்த தெகிரியந்தான்" என்றார். கண்ணில் தண்ணீர் நின்றது. திட்டவும் முடியவில்லை. கொரட்டூரில் இறங்கி எதிர் வண்டி பிடித்து, அரை நாள் சம்பளத்தைத் தொலைத்தேன்.

சனிக்கிழமை ராத்திரிக்குள் எனக்கு ஒன்று தெளிவாகிவிட்டது. மதுரவல்லி புருஷனிடம் திரும்பிப் போ என்கிறார். ஞானம்மாக்கா முதலில் திரும்பிப் போகாதே என்றார், இப்போது போ என்கிறார். சுலோசனா அம்மாவும் போ என்கிறார். அறையின் அனலும் போ என்கிறது. எல்லோரும் சேர்ந்து சொல்லும்போது நான் மட்டும் எதற்கு வீம்பு பிடிக்க வேண்டும்?

ஞாயிறு காலை இருவரும் வந்தார்கள். சுலோசனா அம்மா இரண்டு நாற்காலி கொடுத்தனுப்பினார். பச்சையப்பன் மாமா ஆவடி ராணுவத் தொழிற்சாலையில் ரிடையர் ஆனவர், எதையும் மீட்டிங் மாதிரி நடத்துவார். முதலில் ஸ்வீட் பாக்ஸை என் கையில் கொடுத்தார், பிறகு குடும்பம் என்றால் என்ன என்று பேசினார். கோகுல் மெலிந்திருந்தார். நான் எடுத்துக் கொடுத்த நீலச் சட்டையைப் போட்டிருந்தார், இஸ்திரி சரியில்லை. எனக்குப் பாவமாக இருந்தது. ஆசையாகவும் இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

மாமா பேசி முடித்ததும் கோகுல் சட்டைப் பையிலிருந்து என் ஏடிஎம் கார்டை எடுத்து நீட்டினார். "அம்மாகிட்ட சண்டை போட்டு வாங்கிட்டு வந்தேன். இனிமே உன்கிட்டயே இருக்கட்டும்" என்றார். அவர் அம்மாவோடு சண்டை போட்டதை என்னால் கற்பனை செய்யவே முடியவில்லை. மனசுக்குள் நான் பையைக் கட்ட ஆரம்பித்துவிட்டேன். எதை முதலில் எடுத்து வைப்பது, சிலிண்டரை யாருக்குக் கொடுப்பது என்பது வரைக்கும் போய்விட்டேன்.

அப்போது தெருவில் தண்ணி லாரி ஹாரன் அடித்தது. வெயில் காலத்தில் எங்கள் தெருவுக்கு எப்போது வரும் என்று லாரிக்காரருக்கே தெரியாது. வந்தால் விட்டுவிட முடியாது. தெருவே குடத்தோடு ஓடியது. லாரி வந்துவிட்டது என்று சொன்னேன்.

"போய்ப் புடிச்சிட்டு வா, நாங்க இருக்கோம்" என்றார் கோகுல் அன்பாக.

முதல் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு மாடிப்படி ஏறி வந்தேன். தண்ணீர் டிரம் கோகுலின் நாற்காலிக்குப் பின்னால் மூலையில் இருந்தது. அவர் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் வருவது தெரிந்ததும் இரண்டு காலையும் தூக்கி நாற்காலியின் குறுக்குக் கட்டையில் வைத்துக்கொண்டார். நான் தாண்டிப் போய் ஊற்றினேன். இரண்டாவது குடத்தோடு வந்தபோது கால்கள் ஏற்கெனவே மேலே இருந்தன. மூன்றாவது குடத்தில் மாமா, பாத்தும்மா, படி வழுக்கும் என்று அக்கறையாகச் சொன்னார்.

நாலாவது குடத்தோடு நான் கோகுலுக்கு எதிரே வந்து நின்றேன். தாண்டிப் போகவில்லை. இடுப்பில் குடம், முந்தானையெல்லாம் தண்ணீர், மூச்சு வாங்குகிறது. அவர் நிமிர்ந்து பார்த்தார். என்ன என்பது போல் புருவத்தைத் தூக்கினார். பிறகு புரிந்துகொண்ட மாதிரி தலையாட்டி, நாற்காலியை இன்னும் கொஞ்சம் சுவரோரமாக நகர்த்தி எனக்கு நன்றாக வழிவிட்டார்.

குடத்தை டிரம்மில் கவிழ்த்துவிட்டுத் திரும்பினேன்.

"நான் வரலை" என்றேன்.

மாமாவுக்குக் காது கேட்கவில்லையோ என்று மறுபடி சொன்னேன். அவர் விரல்விட்டு எண்ணினார். கார்டு கொடுத்தாயிற்று, அம்மா சம்மதித்தாயிற்று, அவனே நேரில் வந்தாயிற்று. இப்போது இந்த ஐந்து நிமிடத்தில் என்ன நடந்துவிட்டது என்று கேட்டார். நியாயமான கேள்விதான்.

"காலைத் தூக்கிக்கிட்டார் மாமா."

"அது நீ நடக்கறதுக்குத் தடையா இருக்கக் கூடாதுன்னுதானேம்மா தூக்கினான்."

அதற்கு என்ன பதில் சொல்வது? மதுரவல்லிக்கு இந்த இடம் எழுத வராது. அவர் கதையில் புருஷன்கள் அறைவார்கள், குடிப்பார்கள், டைப்பிஸ்ட்டோடு ஊட்டிக்குப் போவார்கள். கால் தூக்கிக்கொள்கிற புருஷனை வைத்து அவரால் அரைப் பக்கம்கூட ஓட்ட முடியாது. ஞானம்மாக்காவுக்கும் வராது, அவர் வீட்டில் பாபு காபியோடு நிற்கிறார். நானே சொல்லிப் பார்த்தேன், எனக்கும் வரவில்லை. நான் வரலை என்பதைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னேன்.

கோகுல் எழுந்து நின்று, நான் என்ன தப்பு பண்ணேன் கார்த்தி என்று கேட்டார். அவர் முகத்தில் நடிப்பு இல்லை. நிஜமாகவே தெரியவில்லை. இன்னும் இருபது வருடம் ஒரே வீட்டில் இருந்தாலும் தெரியப்போவதில்லை.

மாமா ஸ்வீட் பாக்ஸைத் திரும்ப எடுத்துக்கொண்டார். கார்டை நான் கொடுக்கவில்லை. படியிறங்கும்போது கோகுல் ஒருமுறை திரும்பிப் பார்த்தார், நான் காலிக் குடத்தை எடுத்துக்கொண்டு அவருக்குப் பின்னாலேயே இறங்கிக்கொண்டிருந்தேன். லாரி இன்னும் நின்றிருந்தது. வரிசையில் நின்று அழுதேன், யாரும் கவனிக்கவில்லை, எல்லோருக்கும் அவரவர் குடம். ஒரு குடத்தை, ஒரே ஒரு குடத்தை அவர் எழுந்து என் இடுப்பிலிருந்து வாங்கியிருந்தால், சத்தியமாக நான் அவரோடு போயிருப்பேன்.